லைட் மீட்டரா, டெஸ்ட் ஷாட்டா?

ஃபோட்டோ எடுக்க, வயர்லெஸ் ட்ரிக்கரில் (கம்பியில்லாமல் ஃபிளாஷை அடிக்க வைக்கும் கருவி) ஓடும் இரண்டு ஃபிளாஷ். வெளிச்சத்தை எதை வைத்து முடிவு செய்வது?

டெஸ்ட் ஷாட் எடுத்து ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) பார்ப்பது செலவில்லாத வழி. ஆனால் கேமராவுக்குத் தெரிவது உடுப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் நின்றால் வரைபடம் வலப்பக்கம் குவியும். பயந்து பவரைக் குறைத்தால் முகம் இருண்டுவிடும்.

கையில் பிடிக்கும் லைட் மீட்டர் உடுப்பைப் பார்ப்பதில்லை. ஆள் மீது விழும் வெளிச்சத்தை அளக்கிறது. மீட்டரின் வெள்ளைக் குமிழை அவர் தாடைக்கடியில் பிடித்து ட்ரிக்கரை அழுத்துங்கள். மீட்டர் சொல்வது லென்ஸ் துளையின் அளவு: மெயின் லைட் (முக்கிய ஃபிளாஷ்) மட்டும் அடித்தால் எஃப்/8, ஃபில் (நிழலை நிரப்பும் ஃபிளாஷ்) மட்டும் அடித்தால் எஃப்/4 என்று வந்தால் இரண்டு ஸ்டாப் வித்தியாசம்; ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி. அதாவது ஃபில், மெயினில் நாலில் ஒரு பங்கு. இதைக் குறித்து வைத்தால் அடுத்த மாதமும் அதே நிழலை வரவழைக்கலாம். ஸ்கிரீனைப் பார்த்து இப்படிக் கணக்குச் சொல்ல முடியாது.

ஃபிளாஷ், பவரை நாமே வைக்கும் மேனுவலில் இருக்கட்டும். டிடிஎல்லில் (கேமராவே பவரை முடிவு செய்யும் முறை) முன்கூட்டியே அடிக்கும் சின்ன மின்னலைப் பிடித்து மீட்டர் தப்பாகச் சொல்லிவிடும். அப்புறம், உதவியாள் இல்லையென்றால் ட்ரிக்கரைக் கேமராவிலிருந்து கழற்றி மறுகையில் வைத்துக்கொண்டு ஆளருகே நடக்க வேண்டும். கொஞ்சம் எரிச்சல்தான்.

ஸ்டுடியோவில் எனக்கு மீட்டர். மண்டபக் கூட்டத்தில் அது பையிலேயே தூங்கும்.