விறகு அறுப்பவர்களுக்கான பாதுகாப்பு செட்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

செயின் சா விற்கும் கடைகளில் இப்போது பாதுகாப்பு செட் ஒன்றும் கிடைக்கிறது: வலை முகமூடியும் காது மூடியும் மாட்டிய ஹெல்மெட், காலில் கட்டும் சேப்ஸ், கையுறை. மொத்தமாக வாங்க முடியாதவர்கள் முதலில் சேப்ஸை வாங்குங்கள். கட்டை அறுந்து முடிகிற கணத்தில் பாரம் விட்டுப்போய் மிஷின் சட்டென்று கீழே இறங்கும். அப்போது எதிரே இருப்பது பெரும்பாலும் இடது தொடையோ முட்டியோதான். லுங்கியும் ஜீன்ஸும் ஓடும் செயினுக்கு ஒரு பொருட்டே இல்லை.

சேப்ஸின் மேல்துணிக்குள் நீளமான செயற்கை இழைகள் அடுக்கடுக்காகத் தளர்ந்து கிடக்கும். செயின் பட்டால் அவற்றை உருவிக்கொண்டு போய் ஸ்ப்ராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) சுற்றிக்கொண்டு நின்றுவிடும். அதனால் "900 டெனியர் (நூலின் கனம்), எட்டு அடுக்கு" என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். லேபிளில் ரம்பப் படமும், ஐஎஸ்ஓ 11393 அல்லது பழைய ஈஎன் 381 என்ற தர எண்ணும், வகுப்பும் இருக்க வேண்டும். வகுப்பு 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்தில் சோதித்தது. வகுப்பு 2 என்றால் 24, வகுப்பு 3 என்றால் 28. உங்கள் மிஷினுக்கு நீங்களே கணக்குப் போடலாம். உதாரணமாக, .325 அங்குல பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) செயின், 7 பல் ஸ்ப்ராக்கெட், பாரமில்லாமல் நிமிடத்துக்கு 11,000 சுற்று என்றால் செயின் நொடிக்கு 21 மீட்டர் ஓடும். முழு ஆக்சிலேட்டரில் வகுப்பு 1 அதற்குக் கொஞ்சம் போதாது. விலை கட்டுப்படியானால் வகுப்பு 2 எடுங்கள். மின்சார ரம்பம் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மோட்டாரின் இழுவை அதிகம் என்பதால் இழை சிக்கினாலும் செயின் நிற்காமல் போகலாம்.

காலைச் சுற்றி முழுதும் மூடும் 'சி' ரகம் நம் வெயிலுக்குத் தாங்காது. கட்டையைத் தரையில் போட்டுத் துண்டு போடுகிறவர்களுக்கு முன்பக்கம் மட்டும் மூடும் 'ஏ' ரகமே போதும். நீளம் இடுப்பிலிருந்து ஷூவின் மேற்பகுதி வரை வர வேண்டும். பக்கிள் எல்லாவற்றையும் இறுக்கிப் போடுங்கள். தொளதொளவென்று தொங்கினால் செயின் பட்டதும் சேப்ஸ் சுழன்று விலகி, கால் வெளியே தெரியும். மிச்சமாகத் தொங்கும் பட்டையைச் செருகிவிடுங்கள், கருவேல முள்ளில் மாட்டும்.

பார் ஆயிலில் (செயினுக்கு விடும் எண்ணெய்) ஊறிய சேப்ஸில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருவி வராது. லேபிளில் சொன்ன சூட்டுக்கு மேல் போகாமல் சோப்புத் தண்ணீரில் கையால் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். பிளீச், இஸ்திரி இரண்டும் கூடாது. முள் கிழித்த மேல்துணிக்கு ஒட்டு போடலாம், உள் அடுக்கு வரை ஊசி ஏற்றித் தைக்கக் கூடாது. ஒருமுறை செயின் வெட்டிவிட்டால் அந்தச் சேப்ஸ் அத்தோடு சரி, திரும்பக் கட்டாதீர்கள்.

ஹெல்மெட் செட்டில் காது மூடிதான் அதிகம் உதவும். பெட்ரோல் ரம்பத்தின் சத்தம் காதருகே 100 டெசிபலைத் தாண்டும், எஸ்என்ஆர் (சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்ற எண்) 25-க்குக் குறையாமல் பாருங்கள். கிண்ணத்தை உள்பக்கம் அழுத்தினால் கிளிக்கென்று உட்கார வேண்டும். வியர்வைக்காகத் துண்டைக் காது மறையக் கட்டி அதன்மேல் மாட்டினால் இடுக்கு வழியே சத்தம் அப்படியே உள்ளே போகும். வலை முகமூடியில் ஆவி படியாது, தெறிக்கும் சிம்பை அது தடுத்துவிடும். ஆனால் பொடித்தூள் உள்ளே வரும், அதனால் அடியில் கண்ணாடி போட வேண்டும். பாரின் (செயின் சுற்றி ஓடும் தகடு) நுனியின் மேல்பாதி கட்டையில் முட்டி மிஷின் எகிறினால் அந்த வலை தாங்காது. அதற்குச் செயின் பிரேக்கும், கட்டைவிரலை முன் கைப்பிடிக்குக் கீழே சுற்றிய பிடியும்தான் வேண்டும். ஹெல்மெட்டின் உள்ளே கடிகாரம் போல அச்சிட்டிருப்பது தயாரித்த மாதமும் வருடமும். வெயிலில் கிடந்து வெளுத்த ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள்.

செட்டோடு வரும் கையுறை பெரும்பாலும் சாதாரணத் தோல்தான். முள்ளுக்கு அது நல்லது, செயினுக்கு ஆகாது. அந்தக் காசில் இரும்பு முனை வைத்த, கணுக்கால் மூடும் ஷூ வாங்குவது மேல். செருப்புக் காலோடு சேப்ஸ் கட்டினால் பாதம் அப்படியே திறந்துதான் இருக்கும்.