லேஸ் புள்ளி: பல வருடப் பாவனைக்குப் பிறகு

ரொறொன்ரோ பக்கத்து வைத்தியசாலை ஒன்றில், மெடிசின் வாட்டில் தாதியாக இருக்கிறேன். வீட்டுக்குப் போகிறவர்களில் யார் 30 நாளுக்குள் திரும்பி வரக்கூடும் என்று கணிக்க நாங்கள் பாவிப்பது லேஸ் (LACE) என்ற புள்ளிமுறை. யாரைக் கவனிக்க வேண்டும் என்று அது ஓரளவு காட்டித் தரும். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

இது ஒன்ராறியோவிலேயே உருவான முறை. 11 வைத்தியசாலைகளிலிருந்து வீடு திரும்பிய 4,812 பேரின் தரவை வைத்து வான் வால்ராவன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2010இல் வெளியிட்டார்கள். எத்தனை நாள் வாட்டில் இருந்தார், அவசரமாக வந்து சேர்ந்தாரா, வேறு என்னென்ன வருத்தங்கள், கடந்த ஆறு மாதத்தில் எத்தனை தரம் எமேஜென்சிக்கு வந்தார் என்று நாலு விடயம்தான் பார்க்கும். உச்சம் 19. பத்தும் அதற்கு மேலும் என்றால் ஆபத்து அதிகம் என்று எடுப்பது வழக்கம்.

இதில் எனக்குப் பிடித்தது, விரல்விட்டே எண்ணலாம் என்பது. இதயச் செயலிழப்பும் சிக்கலில்லாத நீரிழிவும் உள்ள ஒருவர் எமேஜென்சி வழியாக வந்து ஐந்து நாள் இருக்கிறார், முன்பும் ஒருதரம் எமேஜென்சிக்கு வந்தவர் என்று வையுங்கள். மேலே சொன்ன வரிசையில் புள்ளிகள் 4, 3, 3, 1, மொத்தம் 11. காலைக் கூட்டத்தில் "பாவம், தனிய இருக்கிறா" என்றால் யாரும் நிமிர்வதில்லை. "பதினொன்று" என்றால் மருந்தாளரும் சமூகப் பணியாளரும் பேனையை எடுக்கிறார்கள்.

எரிச்சல் தருவது நாட்கணக்கு. முதியோர் இல்லத்தில் இடம் வரும் வரை வாட்டிலேயே காத்திருப்பவருக்கு 14 நாள் ஆனதும் 7 புள்ளி ஏறிவிடும். வந்த வருத்தம் எப்போதோ மாறியிருக்கும். கட்டில் தட்டுப்பாட்டில் மறுநாளே அனுப்பப்பட்டவருக்கோ ஒன்றே ஒன்று. அப்புறம், எங்கள் வாட்டில் 80 வயது தாண்டியவர்களே அதிகம், அநேகமாக எல்லாரும் பத்துக்கு மேல்தான். 2012இல் இங்கிலாந்தில் முதியவர்களிடம் இதைச் சோதித்தபோது திரும்பி வருவோரை வராதவர்களிடமிருந்து பிரித்தறியும் திறன் (முழுச் சரி என்றால் 1) 0.55 என்று வந்தது. மூல ஆய்வில் 0.68. காசு சுண்டிப் பார்த்தாலே 0.5 கிடைக்கும்.

வீட்டு நிலைமையையும் அது கேட்பதில்லை. கால் வீங்கி, மூச்சிழுத்துத் திரும்பவும் வந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் குளிசை ஒழுங்காக எடுக்கிறாவா என்று கேட்டேன். "ஓம் பிள்ளை, ஒண்டும் விடுறதில்லை" என்றா. மகள் கொண்டுவந்த பிளிஸ்டர் பேக்கை, அதாவது நாளும் வேளையும் பிரித்துக் குளிசை அடைத்த அட்டையை, திருப்பிப் பார்த்தால், வெள்ளிக்கிழமைக் காலைப் பெட்டிகள் மட்டும் திறக்காமலே இருந்தன. கொஞ்சம் கதை கொடுத்த பிறகுதான் விடயம் வந்தது. வெள்ளி கோயில் நாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், சலம் போக வைக்கும் நீர்க் குளிசை போட்டால் வழியில் அந்தரம். அதற்குப் பயந்து அன்று காலைக் குளிசை முழுவதையும் விட்டுவிடுகிறா. வைத்தியரிடம் கேட்டு அன்றைக்கு மட்டும் நீர்க் குளிசையைக் கோயிலால் வந்தபின் போடச் சொன்னோம். தினமும் எடை பார்க்கவும், இரண்டு நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே அழைக்கவும் மகளிடம் சொல்லி அனுப்பினோம். இதில் எதுவும் அந்த நாலு கேள்விக்குள் இல்லை.

புள்ளி கூடியவர்களைக் கண்டுபிடித்து, வீட்டிலும் ஆள் வைத்துக் கவனித்தால் போதுமா என்றால், அதற்கும் ரொறொன்ரோவிலேயே விடை உண்டு. பத்தும் அதற்கு மேலும் எடுத்த 1,900க்கும் அதிகமானோரைச் சேர்த்து, ஒரு பகுதியினரை வீடு திரும்பியபின் தனிக் குழு ஒன்று தொடர்ந்து கவனித்தது. 2014இல் வந்த முடிவில், திரும்பி வருவதில் மற்றப் பகுதியினரோடு குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அமெரிக்காவில் 2012 ஒக்டோபர் முதல், திரும்பி வருவோர் எதிர்பார்த்ததைவிட அதிகமான வைத்தியசாலைகளுக்கு, முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகேர் கொடுப்பனவைக் குறைக்கிறது. கணிப்பு மென்பொருட்களுக்குக் கிராக்கி ஏறியதில் அதற்கும் பங்குண்டு. எங்கள் மின்பதிவேட்டிலும் அப்படியொன்று வந்தது: பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை. ஏன் சிவப்பு என்று திறந்து பார்க்க வழியில்லை. ஆகவே எவரும் வாதிடுவதுமில்லை, பார்ப்பதுமில்லை. எனக்கு லேஸே மேல்.

புதிதாகத் தொடங்குகிற வாட்டுக்காரர் டிஸ்சார்ஜ் நாள் வரை காத்திருக்க வேண்டாம். நாட்கணக்கைத் தவிர மற்ற மூன்றும் நோயாளி வாட்டில் சேர்ந்த அன்றே தெரிந்துவிடும். அதைப் போட்டு வைத்துவிட்டு, குளிசைப் பெட்டியை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள்.