மார்த்தாண்டம் பெட்டியில் இந்தியத் தேனீக் குடும்பம்: உடன் வந்த உண்ணிப் பட்டை தேவையா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேனீ வளர்ப்போர் ஒருவரிடம் இந்தியத் தேனீக் குடும்பம் ஒன்றைப் பெட்டி, தாங்கி, புகைப்பான், முகத்திரை ஆகியவற்றோடு சேர்த்து வாங்கினேன். பெட்டியில் குறை சொல்ல ஏதுமில்லை. சட்டங்கள் இடைவெளி பிசகாமல் அமர்கின்றன, தாங்கியின் காலுக்கு எறும்பு ஏறாதபடி நீர்க்கிண்ணமும் உண்டு. இராணி இளையது, புழு அடை விடுபடாமல் நிறைந்திருந்தது. நான் கேட்காமலே சேர்த்து, விலையும் போட்டிருந்த வர்ரோவா உண்ணிக்கொல்லிப் பட்டைகளை, அதாவது தேனீயின் மேல் ஒட்டி வாழும் வர்ரோவா என்னும் உண்ணியைக் கொல்லக் கூட்டுக்குள் தொங்கவிடும் மருந்துப் பட்டைகளைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வர்ரோவா உண்ணி இந்தத் தேனீக்குப் புதிய எதிரி அன்று. 1904-ஆம் ஆண்டில் அறிவியல் உலகம் அதை முதலில் அறிந்துகொண்டதே ஜாவாவில் இதே தேனீயின் கூட்டிலிருந்துதான். புழு வளரும் அடையின் அறையான கண்ணறை மெழுகால் மூடப்படுவதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே புகுந்து, கூட்டுப்புழுவை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே முட்டையிடும். பணித்தேனீயின் கண்ணறையில் இது நேர்ந்தால், இந்தியத் தேனீயின் இளம்புழு அந்தக் கடியைத் தாங்காமல் விரைவில் இறந்துவிடுகிறது. மற்ற தேனீக்கள் அதை மோப்பத்தால் அறிந்து, மூடியைப் பிய்த்துப் புழுவை அப்புறப்படுத்துகின்றன, உண்ணியின் குஞ்சுகளும் அதோடு அழிகின்றன. ஒரு புழு எளிதில் சாவதே குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

ஆகவே உண்ணி பல்கிப் பெருக மிஞ்சுவது ஆண் தேனீயின் கண்ணறை மட்டுமே. அதன் மூடியை அருகில் வைத்துப் பாருங்கள்: கெட்டியாக, நடுவில் ஊசி குத்தியது போன்ற சிறு துளையோடு இருக்கும். உண்ணிகள் அதிகம் ஏறிய ஆண் புழு அந்த மூடியைத் திறக்க வலுவின்றி உள்ளேயே மடிகிறது. பணித்தேனீக்களும் அதைத் திறப்பதில்லை, உண்ணிகளுக்கும் அதுவே கல்லறையாகிவிடுகிறது. ஆண் புழு வளராத மாதங்களில் உண்ணியின் பெருக்கம் ஏறக்குறைய நின்றுபோகிறது. உண்ணியும் சும்மா இருந்துவிடவில்லை. தான் ஏறியிருக்கும் தேனீயின் உடல் மணத்தையே தன் மேல் பூசிக்கொண்டதுபோல் ஒத்த மணம் பெற்றிருக்கிறது. வயிற்றுத் தகடுகளின் இடுக்கில் தட்டையாகப் பதுங்குகிறது. தேனீயோ உடலை உதறி, தாடையால் கடித்து அதை அகற்றப் பார்க்கிறது. ஒன்றின் தற்காப்புக்கு மற்றதன் மாற்று என இரண்டும் நெடுங்காலமாக ஒன்றையொன்று செதுக்கி வந்திருக்கின்றன.

இந்த நெடிய பழக்கம் இத்தாலியத் தேனீக்கு இல்லை. ஆசியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த இனத்தின் மேல் கடந்த நூற்றாண்டில் உண்ணி தாவியபோது, ஆண், பணித்தேனீ என இரு வகைக் கண்ணறைகளிலும் தடையின்றிப் பெருகியது. சிறகைச் சிதைக்கும் நச்சுயிரியையும் பரப்பியது. அவ்வாறு தாவிய உண்ணியினத்துக்கு 2000-ஆம் ஆண்டில் ‘அழிப்பான்’ என்று பொருள்படும் பெயரே சூட்டப்பட்டது. 2022-இல் அது ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகப் பகுதிவரை எட்டிவிட்டது. எனவே இத்தாலியத் தேனீ வளர்ப்போர் மருந்திடுவதைக் குறை கூற மாட்டேன். ஆயினும், மருந்துக்கு அடங்காத உண்ணிகள் பல நாடுகளில் தோன்றிவிட்டன. சுவீடனின் கோட்லாந்து தீவில் 1999-இல் இத்தாலியத் தேனீயின் இனத்தைச் சேர்ந்த 150 குடும்பங்களை மருந்தின்றி விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை அழிந்தன, தப்பிய சிலவற்றில் உண்ணியின் இனப்பெருக்கமே குறைந்திருந்தது.

இந்தியத் தேனீயிடம் அந்தத் திறன் ஏற்கெனவே இருக்கும்போது, பட்டையைத் தொங்கவிடுவது மெழுகில் மருந்தின் எச்சத்தைச் சேர்ப்பதோடு, தற்காப்பில் தளர்ந்த குடும்பங்களையும் காப்பாற்றி அவற்றிலிருந்தே பெருக்க வழிசெய்துவிடும். நான் பட்டைகளைத் திருப்பிக் கொடுத்தேன். விற்பனையாளர் மறுபேச்சின்றிப் பணத்தைத் தந்தார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அவர் சொல்லியிருக்க வேண்டியது வேறொன்று. 1991-92-இல் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீயின் பெரும்பகுதியை அழித்தது தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய். புழுக்கள் கண்ணறைக்குள் நிமிர்ந்து, நீர் கோத்த பையாக மாறிச் சாகும். அதற்கு மருந்து கிடையாது. தாங்கி நின்ற குடும்பங்களிலிருந்து பிரித்துப் பெருக்கியே இத்தொழில் மீண்டது. எனக்கு வந்த குடும்பத்தின் தாய்க்கூடு எது, அங்கே அந்த நோய் வந்து போனதா என்று கேட்டபோது தெளிவான பதில் கிடைக்கவில்லை. விலைப்பட்டியலில் இராணியின் வயது இருக்கிறது, வழிமரபு இல்லை. பெட்டிக்கும் தேனீக்கும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். வாங்குவோர் பட்டையைத் தவிர்த்துவிட்டு, நோயைக் கடந்து வந்த தாய்க்கூட்டிலிருந்து பிரித்த குடும்பம் வேண்டுமென்று முன்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள்.