எட்டு சீசனாக அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் தரவரிசையோடு

2009 ஜனவரியில் சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில் நடந்த சென்னை ஓபனில், வைல்டு கார்டில் (சிறப்பு அனுமதியில்) உள்ளே வந்த சோம்தேவ் தேவ்வர்மன், முன்னாள் உலக முதல்நிலை வீரர் கார்லோஸ் மோயாவைத் தோற்கடித்து இறுதிப் போட்டி வரை போனார். இறுதியில் மரின் சிலிச்சிடம் தோற்றாலும், அந்த வாரம் முழுக்க ஊரே அவரைப் பற்றித்தான் பேசியது. இவர் எங்கே ஆடிப் பழகினார் என்று தேடியபோதுதான் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் என்று ஓர் உலகம் இருப்பதே எனக்குத் தெரிந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2007, 2008 இரண்டு ஆண்டும் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) ஒற்றையர் பட்டம் வென்றவர் அவர். 2007 இறுதியில் அவர் வீழ்த்தியது ஜார்ஜியாவின் ஜான் இஸ்னரை.

அப்புறம் சில ஆண்டுகள் அவ்வப்போது எட்டிப் பார்ப்பதோடு சரி. 2018-இல் என் அண்ணன் மகள் அமெரிக்காவில் படித்துக்கொண்டே டென்னிஸ் ஆட ஆசைப்பட்டபோது, வாராவாரம் தரவரிசை பார்ப்பது எனக்குப் பழக்கமானது. இதுவரை எட்டு சீசன் ஆகிறது. அதில் 2020 கொரோனாவால் மார்ச்சிலேயே நின்றுபோனது. இத்தனை நாளில் எது உதவியது, எது ஏமாற்றியது என்று இங்கே எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது மூன்றுதான். கல்லூரி டென்னிஸ் சங்கமான ஐ.டி.ஏ. வெளியிடும் அணித் தரவரிசை முதலாவது. அதில் முதல் 75 அணிகள் இருக்கும். இரண்டாவது, யூ.டி.ஆர். என்ற தனிநபர் மதிப்பெண். மூன்றாவது, ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் கல்லூரிகள் போடும் முடிவுத் தாள். முதலில் தரவரிசையை மட்டும்தான் பார்த்தேன். இப்போது முடிவுத் தாளில்தான் அதிக நேரம் போகிறது.

ஆட்ட முறை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு அணிகள் மோதினால் முதலில் மூன்று இரட்டையர் ஆட்டம், ஒவ்வொன்றும் ஒரே செட். மூன்றில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு புள்ளி. அடுத்து ஆறு ஒற்றையர் ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் ஏழில் முதலில் நான்கைத் தொடுபவர் வென்றவர். 40-40 வந்தால் அட்வான்டேஜ் கிடையாது, அடுத்த பாயின்ட்டோடு கேம் முடிந்துவிடும். வீரர்களைத் திறமை வரிசையில்தான் ஒன்று முதல் ஆறு வரையிலான கோர்ட்டுகளில் நிறுத்த வேண்டும். பலமானவரை வேண்டுமென்றே கீழே இறக்கி ஆடவைக்கக் கூடாது.

இனி தரவரிசைக்கு வருகிறேன். ஜனவரியில் சீசன் தொடங்கும்போது வரும் பட்டியல் பயிற்சியாளர்களின் வாக்கில் உருவாவது. போன ஆண்டு யார் நன்றாக ஆடினார்கள், இப்போது யாரைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதை வைத்து அவர்கள் போடும் மதிப்பு அது. பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம் வரும்போதுதான் கணினிக் கணக்கு தொடங்கும். அணியின் சிறந்த வெற்றிகளை எடுத்து, தோற்ற எதிரணியின் இடத்துக்கு ஏற்பப் புள்ளி தருவார்கள். வெளியூரில் வென்றால் மதிப்பு கூடும். கீழே இருக்கும் அணியிடம் தோற்றால் பலமாகக் குறையும். முதல் வரிசை அணியிடம் தோற்றால் சிராய்ப்பு மாதிரிதான். கணக்கில் எடுக்கும் வெற்றிகளின் எண்ணிக்கை சீசன் நகர நகரக் கூடிக்கொண்டே போகும்.

இதனால் மார்ச் முதல் வாரத்தில் பட்டியல் குலுங்கும். வாக்கில் ஏழாவது இருந்த அணி ஒரே நாளில் இருபதுக்குப் போகும். அதைப் பார்த்து அந்த அணி சரிந்துவிட்டது என்று நான் இரண்டு சீசன் தவறாகப் புரிந்துகொண்டேன். அணி எங்கும் சரியவில்லை, அளவுகோல்தான் மாறியிருந்தது. இப்போது மார்ச் கடைசி வரை அந்த எண்களை வைத்து எந்தக் கணிப்பும் செய்வதில்லை. ஏப்ரல் பட்டியலை நம்புகிறேன், நம்பத்தக்கது என்றும் சொல்வேன்.

ஆனாலும் தரவரிசையைக் கணிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த எட்டு ஆண்டில் நான் கற்றதில் முக்கியமானது இதுதான். இதுவரை என்ன சாதித்தீர்கள் என்பதற்கான கணக்கு அது. வருகிற வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்ற கேள்வியை அதனிடம் கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது. நான் தொடர்ந்து பார்க்கத் தொடங்கிய 2018-லேயே இதற்குச் சாட்சி கிடைத்தது. மே மாதம் நடக்கும் தேசியப் போட்டியின் பெண்கள் பிரிவில் ஸ்டான்ஃபோர்டுக்குக் கிடைத்த சீடிங் (போட்டிக்கு முன் பலத்தை வைத்துத் தரும் வரிசை எண்) 15. அந்த அணிதான் இறுதியில் வாண்டர்பில்ட்டை 4-3 என்று வென்று பட்டத்தை எடுத்தது. 2016-இலும் இதே 15-ஆம் சீடிங்கோடு வந்து, ஓக்லஹாமா ஸ்டேட்டை இதே 4-3 கணக்கில் வென்றிருந்தது. 2021-இல் தோல்வியே காணாமல் முதலிடத்தில் வந்த நார்த் கரோலைனா பெண்கள் அணி அரையிறுதியில் பெப்பர்டைனிடம் விழுந்தது. அவர்களுக்கு முதல் பட்டம் கிடைக்க 2023 வரை ஆனது. 2022 ஆண்கள் இறுதியில் மோதியவை 7-ஆம் சீடிங் வர்ஜீனியாவும் 8-ஆம் சீடிங் கென்டக்கியும்.

அதற்காகப் பட்டியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 2025-இல் முதலிடத்தில் இருந்த வேக் ஃபாரஸ்ட்தான் டி.சி.யூ.வை 4-2 என்று வென்று ஆண்கள் பட்டத்தை வாங்கியது. தேசியப் போட்டிக்கு 64 அணிகள் வருகின்றன; முதல் 16 சீடிங் அணிகளுக்குத்தான் முதல் இரண்டு சுற்றையும் சொந்த ஊரில் நடத்தும் வாய்ப்பு. அதனால் பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே ஓர் எண்தான் வித்தியாசம் என்றாலும், ஓர் அணி வீட்டில் தூங்கி எழுந்து ஆடும், இன்னொன்று பயணம் செய்து போய் அந்நியக் கூட்டத்தின் நடுவே ஆடும். ஏப்ரலில் 12 முதல் 20 வரை இருக்கும் அணிகளின் போட்டிகளைத்தான் நான் விடாமல் பார்ப்பேன். முதல் மூன்று இடத்துக்கு நடக்கும் சண்டையை விட இதில் பதற்றம் அதிகம்.

அடுத்து முடிவுத் தாள். 4-0 என்று பார்த்ததும் ஒருதலைப்பட்சமான ஆட்டம் என்று நினைப்போம். நான்காவது புள்ளி வந்ததும் மற்ற கோர்ட்டுகளில் நடக்கும் ஆட்டங்களைப் பெரும்பாலும் அப்படியே நிறுத்திவிடுவார்கள். முடிவுத் தாளில் அவை ‘முடிக்கப்படவில்லை’ என்று, அதுவரையிலான ஸ்கோரோடு இருக்கும். அந்த வரிகளைப் படிக்காமல் எந்தக் கணிப்பும் செய்யாதீர்கள். இரட்டையர் புள்ளியை ஒரு டைபிரேக்கில் பிடித்து, மூன்று கோர்ட்டுகளில் வேகமாக வென்று 4-0 ஆகியிருக்கும். மீதி மூன்றிலும் தோற்ற அணி ஒரு செட் முன்னிலையில் நின்றிருக்கும். இன்னும் அரை மணி நேரம் ஓடியிருந்தால் 4-3 ஆகியிருக்கக்கூடிய ஆட்டம் அது. தரவரிசைக் கணக்குக்கு இது தெரியாது. அதற்கு வெற்றி வெற்றிதான், தோல்வி தோல்விதான். அதே இரண்டு அணிகளும் ஒரு மாதம் கழித்து கான்ஃபரன்ஸ் (சில கல்லூரிகள் சேர்ந்த லீக்) போட்டியில் மோதும்போது, நிறுத்தப்பட்ட அந்த மூன்று கோர்ட்டுகளின் ஸ்கோர்தான் எனக்குப் பல முறை சரியான பதிலைத் தந்திருக்கிறது.

தாளின் அடியில் ‘முடிந்த வரிசை’ என்று சில எண்கள் இருக்கும்: இரட்டையர் 3, 1, ஒற்றையர் 2, 6, 4 என்பது போல. எந்தக் கோர்ட் முதலில் முடிந்தது என்பதைச் சொல்வது அது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஐந்தும் ஆறும் எப்போதும் சீக்கிரம் வெற்றியோடு முடிகிற அணி என்றால் அதற்கு ஆழம் இருக்கிறது என்று அர்த்தம். முதல் கோர்ட்டில் நட்சத்திரம் ஆடினாலும் கிடைப்பது ஒரு புள்ளிதான், ஆறாவது கோர்ட்டில் பெயர் தெரியாத மாணவர் வென்றாலும் ஒரு புள்ளிதான். மே மாதம் தூரம் போகும் அணி எது என்று தேடும்போது நான் முதலில் பார்ப்பது நான்கு, ஐந்து, ஆறு. அப்புறம் இரட்டையர். முதல் கோர்ட்டைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

குளிர்காலத்தில் இன்னொரு சங்கதி உண்டு. பிப்ரவரியில் நடக்கும் தேசிய இண்டோர் போட்டியில் 16 அணிகள் ஆடும். கூரைக்கடியில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. பந்து வேகமாக வரும், சர்வீஸ் பலமாக உள்ளவர்களுக்குக் கை ஓங்கும். அங்கே எடுத்த புள்ளிகள் மே மாத வெயிலிலும் பட்டியலில் இருக்கும். ஒஹாயோ ஸ்டேட் ஆண்கள் அணி இண்டோரில் பட்டம் வென்ற அணி. ஆனால் மே மாதத் தேசிய இறுதிப் போட்டிக்கு 2009, 2018, 2023 என்று மூன்று முறை வந்து மூன்றிலும் தோற்றது. எனக்கு அந்த அணி மீது தனிப் பிரியம் உண்டு, அதனால் இதை எழுதவே வருத்தமாக இருக்கிறது. வடக்கத்திய அணிகளைக் கணிக்கும்போது, ஏப்ரலில் திறந்தவெளியில் ஆடிய ஆட்டங்களைத் தனியாக எடுத்துப் பார்ப்பது நல்லது.

யூ.டி.ஆர். பற்றியும் சொல்ல வேண்டும். யாரை வென்றாய் என்பதோடு எத்தனை கேம் வித்தியாசத்தில் என்பதையும் அது பார்க்கும். கடைசி 12 மாதத்தில் 30 ஆட்டங்கள் வரை கணக்கில் வரும். ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே அளவுகோல். கல்லூரிப் பட்டியல் பார்க்காத இடங்களையும் அது பார்க்கும் என்பதுதான் பெரிய பலம். மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட்டுக்கு வருவதற்கு முன் ஜார்ஜியா க்வின்னெட் கல்லூரியில் ஆடினார். அது என்.சி.ஏ.ஏ.வுக்கு வெளியே, என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறோர் அமைப்பில் இருக்கும் கல்லூரி. என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டமான முதல் பிரிவுப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் அவர் பட்டிருக்க வாய்ப்பே இல்லை. 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் அவர் ஜெரோம் கிம்மை நேர் செட்டில் வென்றதை நம் ஊரில் பலரும் பார்த்திருப்பீர்கள். ஜனவரியில் புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர்கள், வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்கள் என எல்லாருக்கும் இதே கதைதான். அணித் தரவரிசை அவர்களை மெதுவாகத்தான் அறிந்துகொள்ளும், யூ.டி.ஆர். முதல் நாளே ஓரளவு சொல்லிவிடும்.

அதன் குறை, அது தனி ஆளைத்தான் அளக்கும். தன் ஆட்டம் தனியாக இருக்கும்போது தளர்ந்துவிடும் மாணவர், 3-3 என்று அணியே தன் கோர்ட்டைச் சுற்றி நின்று கத்தும்போது வேறு ஆளாகிவிடுவார். நேர்மாறாகவும் நடக்கும். அந்த எண்ணில் இது தெரியாது.

தனிநபர் தரவரிசையை நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. 2024 முதல் ஒற்றையர், இரட்டையர் தேசியப் போட்டிகளை நவம்பருக்கு மாற்றிவிட்டார்கள், அணிப் போட்டி மட்டும் மே மாதம். அதனால் இரண்டும் இப்போது தனித்தனிப் பருவம் மாதிரி ஆகிவிட்டன. கான்ஃபரன்ஸ் மாற்றங்களும் பழைய ஒப்பீடுகளைக் குலைத்துவிட்டன: டெக்சாஸ் எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸுக்குப் போனது, ஸ்டான்ஃபோர்ட் ஏ.சி.சி. என்ற கான்ஃபரன்ஸுக்கு வந்தது.

இனி எங்கள் வீட்டு அனுபவம். கல்லூரி தேடும்போது அண்ணன் அணித் தரவரிசையைத்தான் கையில் வைத்திருந்தார். “மேலே இருக்கிற அணியில சேர்ந்துட்டா போதும்டா தம்பி, மத்தது தானா வரும்” என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. முதல் நாற்பதுக்குள் இருந்த ஓர் அணியில் இடமும் கிடைத்தது. ஆனால் அங்கே ஒன்பது பேர், ஆடுவது ஆறு பேர். முதல் ஆண்டு முழுவதும் அவள் கோர்ட்டுக்கு வெளியே நின்று கைதட்டினாள். “சித்தப்பா, பிராக்டிஸ் மட்டும்தான் ஆடுறேன்” என்று போனில் சொன்ன குரல் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த அணியின் ஐந்தாவது, ஆறாவது இடத்தில் ஆடுபவர்களின் யூ.டி.ஆர்., அவர்களில் யார் எப்போது பட்டம் முடித்து வெளியேறுகிறார்கள், இந்த இரண்டையும் நாங்கள் முன்பே பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில், 75-க்கு வெளியே இருந்த ஓர் அணிக்கு மாறினாள். நான்காவது கோர்ட்டில் ஆடினாள், எல்லா வாரமும்.

பிள்ளைகளுக்காகத் தேடுபவர்கள் இதை மனத்தில் வையுங்கள். 2025 ஜூலையிலிருந்து நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. முன்பு முதல் பிரிவில் ஆண்கள் அணிக்கு நான்கரை, பெண்கள் அணிக்கு எட்டு என்று உதவித்தொகை வரம்பு இருந்தது. இப்போது அந்த வரம்பு போய், வீரர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம் என்ற புதிய ஏற்பாட்டுக்குள் வந்த கல்லூரிகளில் அணிக்குப் பத்து பேர் என்று ஆள் வரம்பு வந்துவிட்டது. பத்தில் ஓர் இடம் என்பதும், ஆடும் ஆறில் ஓர் இடம் என்பதும் வேறு வேறு.

இப்போது என் வழக்கம் இப்படி. டெக்சாஸில் வெள்ளி மாலை ஐந்துக்குத் தொடங்கும் ஆட்டம் ஏப்ரலில் நமக்குச் சனி விடியற்காலை மூன்றரை. வியாழன் இரவே இரண்டு அணிகளின் கடைசி மூன்று முடிவுத் தாள்களை எடுத்து, நான்கு, ஐந்து, ஆறாம் கோர்ட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். பக்கத்தில் யூ.டி.ஆர். எழுதுவேன். தரவரிசை எண்ணை எழுதுவதில்லை, எந்தப் போட்டியைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அண்ணன் மகள் படிப்பு முடித்துவிட்டாள். இன்னமும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, “சித்தப்பா, ஆறாவது கோர்ட் என்னாச்சு?” என்று அவளிடமிருந்து செய்தி வரும்.