டென்ஷனர் டூல் செட்: கம்பிக்கு முழு மார்க், தலைகளுக்குப் பாதி

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று ஒரு சத்தம், ஏசி போட்டால் இன்னும் கூடும், இரண்டு வாரம் பாட்டை வைத்துச் சமாளித்தேன். அப்புறம்தான் சத்தம் ஃபேன் பெல்ட்டில்தான் என்று நினைத்து, அதை (பேர்தான் அப்படி, இப்போது பெரும்பாலான கார்களில் ஃபேனுக்குத் தனி மோட்டார்) நானே மாற்றிவிடலாம் என்று இந்த செட்டை வாங்கினேன்.

உள்ளே ஒரு நீளமான தட்டைக் கம்பி, 13 முதல் 19 மி.மீ. வரை மாட்டுகிற தலைகள். கம்பிக்காகவே வாங்கலாம். என் வண்டியில் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் ராட்செட் நுழையவே நுழையாது, இது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஸ்ப்ரிங் டென்ஷனரை (பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கிற பாகம்) ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மறு கையால் பெல்ட்டைக் கழற்ற முடிந்தது, போன தடவை சாதா ஸ்பேனரோடு மல்லுக்கட்டியதை நினைத்தால் இது சொகுசு. தலைகள்தான் சரியில்லை. 15 மி.மீ. தலை முதல் அழுத்திலேயே போல்ட்டை விட்டு நழுவி, விரல் முட்டி உரிந்தது. அளவும் மேலோட்டமாகத்தான் பொறித்திருக்கிறார்கள், கிரீஸ் பட்டால் படிக்க முடியாது.

எல்லாருக்கும் இது தேவைப்படாது. ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்கிற பாகம்) போல்ட்டைத் திருகி இறுக்கம் வைக்கிற வண்டிக்கு சாதா ஸ்பேனரே போதும். டென்ஷனரே இல்லாத ஸ்ட்ரெச் பெல்ட் என்றால் மாட்டுவதற்கான டூலே வேறு.

பெல்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். 6பிகே1050 என்றால் 6 வரி (பெல்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் ஓடுகிற மேடுகள்), 1050 மி.மீ. நீளம். கழற்றும் முன் பெல்ட் போகிற பாதையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தும், கிராங்க் புல்லியில் (எஞ்சின் நேராகச் சுற்றுகிற, பெல்ட்டை ஓட்டுகிற சக்கரம்) ஒரு வரி தள்ளி மாட்டியிருந்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை, ஒவ்வொரு புல்லி ஓரத்திலும் விரலை ஓட்டிப் பார்த்தபோதுதான் ஒரு வரி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் பெல்ட் ஓரத்தில் பிய்ந்திருக்கும்.

இன்னொன்று, பெல்ட் கழன்றிருக்கும்போதே ஐட்லர் புல்லியை (எதையும் ஓட்டாமல் பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றுகிற சக்கரம்) கையால் சுற்றிப் பாருங்கள். என்னுடையது பேரிங்குக்குள் மணல் போட்ட மாதிரி கரகரத்தது. பழைய பெல்ட்டில் ஒரு வெடிப்பும் இல்லை, வரிப் பள்ளங்களும் தேயவில்லை. புது பெல்ட் இப்போது டிக்கியில் கிடக்கிறது, ஐட்லரை மட்டும் மாற்றிப் பழையதையே திரும்ப மாட்டிவிட்டேன், சத்தம் போய்விட்டது.