வீட்டை உயிலாக எழுதுவதா, செட்டில்மென்டாகக் கொடுப்பதா?

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. நீங்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் போதும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். உயிர் உள்ளவரை வீடு உங்களுடையதுதான். சாட்சிகள் மட்டும் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். பின்னாளில் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டுமே.

செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பது, அப்படியல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, பிள்ளை ஏற்றுக்கொண்டால் சொத்து அன்றே கைமாறிவிடும். பிள்ளைகளுக்குள் பின்னால் வழக்கு வரும் வாய்ப்பு குறைவு என்பது உண்மை. ஆனால் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. அதனால் பத்திரத்தில் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை உங்களுக்கே. இன்னொன்று, பிள்ளை உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. இது இருந்தால், 60 வயதைக் கடந்தவர்கள் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து, பத்திரத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். பத்திர எழுத்தர் 'அதெல்லாம் எதுக்குங்க, பெத்த பிள்ளைதானே' என்பார். விடாதீர்கள், எழுதச் சொல்லுங்கள்.

இருப்பது ஒரே வீடு என்றால், நான் உயிலைத்தான் சொல்வேன்.