சிக்னல் நிறைய, நெட் மட்டும் இல்லை: என் இ-ரீடரும் பொது வைஃபையும்

படிப்பதற்கு இந்த இ-ரீடரைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆறு அங்குலத் திரை, கண் கூசாது, ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடும், பையில் இருப்பதே தெரியாத எடை. வீட்டு வைஃபையில் ஒரு நிமிடத்தில் இணைந்துவிட்டது, நானும் அந்தப் பக்கம் அப்புறம் எட்டிப் பார்க்கவே இல்லை. எட்டு மாதம் கழித்து முதல் முறையாக வெளியே ஒரு பொது வைஃபையில் மாட்டப் பார்த்தேன், சாயம் வெளுத்துவிட்டது. இந்த ரிவ்யூ முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான். கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், நீங்கள் எந்தக் கம்பெனியின் கருவியை வாங்கினாலும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதால்.

விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டிய நிலை. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் இன்னும் கருவிக்குள் இறங்கவில்லை. வைஃபை பட்டியலைத் திறந்தால் அங்கிருந்த இலவச நெட்வொர்க் தெரிகிறது, பாஸ்வேர்ட் கேட்கவில்லை, தொட்டதும் ‘இணைந்தது’ என்று வந்துவிட்டது, சிக்னல் கோடுகளும் முழுசாக நிற்கின்றன. புத்தகம் மட்டும் வரவில்லை. ‘பிறகு முயலவும்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். வைஃபையை அணைத்துப் போட்டேன், கருவியையே அணைத்துப் போட்டேன், ரவுட்டர் இருக்கும் தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தும் பார்த்தேன். மடியில் கிடந்த என் போன் அதே வைஃபையில் ஜோராக ஓடிக்கொண்டிருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

போனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பொது வைஃபைக்கு இரண்டு கதவு. முதல் கதவு ரேடியோ இணைப்பு, அது பெரும்பாலும் திறந்தே கிடக்கும், அந்த நெட்வொர்க்கில் நம் கருவிக்கான ஐபி முகவரி என்ற எண்ணும் கிடைத்துவிடும். இரண்டாவது கதவுதான் லாகின் பக்கம்: விதிமுறைக்கு டிக் போடு, போன் நம்பர் கொடு, ஓடிபி போடு. அதைத் தாண்டும் வரை நாம் எந்தத் தளத்தைக் கேட்டாலும் வழியில் மறித்து அந்தப் பக்கத்துக்கே திருப்பி அனுப்பப் பார்க்கும். போன்கள் இதை மோப்பம் பிடிக்க ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன. இணைந்த கையோடு ஒரு சின்னப் பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும். ஆண்ட்ராய்டு என்றால் 204 என்ற வெற்றுப் பதில் வர வேண்டும், ஐபோன் என்றால் சக்சஸ் என்ற ஒரு வார்த்தை வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் நடுவில் யாரோ நிற்கிறார்கள் என்று புரிந்துகொண்டு லாகின் பக்கத்தைத் தானே எடுத்து நம் முன்னால் நீட்டிவிடும். 2020இல் வந்த ஆர்எஃப்சி 8910 என்ற தரநிலை இதற்கும் ஒரு படி மேலே, ஐபி கொடுக்கும்போதே லாகின் பக்கம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ள ஒரு முகவரியையும் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிறது. என் இ-ரீடருக்கு இதெல்லாம் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. முதல் கதவைத் தாண்டியதுமே வீட்டுக்குள் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது.

சரி, பிரவுசரில் நாமே திறந்துகொள்வோம் என்றால் அது மெனுவுக்குள் மெனுவுக்குள் மெனு. ஒரு செய்தித் தளத்தின் முகவரியைத் தட்டினேன், சான்றிதழ் பிழை, அதாவது இது அசல் தளம்தான் என்பதற்கான அத்தாட்சி சரியில்லை என்று மிரட்டியது. இது கருவியின் தப்பு இல்லை. இப்போது தளங்கள் கிட்டத்தட்ட எல்லாமே எச்டிடிபிஎஸ் என்ற பூட்டுப் போட்ட இணைப்புதான், அதை நடுவில் மறித்துத் திருப்பினால் பிரவுசர் சந்தேகப்படத்தான் செய்யும். இதற்கென்றே எச்டிடிபிஎஸ் இல்லாமல் ஒரு தளம் வைத்திருக்கிறார்கள், நெவர்எஸ்எஸ்எல்.காம், அதை அடித்ததும் லாகின் பக்கம் வந்துவிட்டது. எழுத்து எறும்பு சைஸ். ஒவ்வொரு எண்ணைத் தட்டும்போதும் இ-இங்க் திரை ஒரு தடவை கறுத்து வெளுத்து நிதானமாகத் திரும்பி வருகிறது, அதற்குள் ஓடிபி இரண்டு முறை காலாவதி ஆகிவிட்டது. மூன்றாவது தடவைதான் உள்ளே போனேன். புத்தகம் இறங்கப் பிடித்தது பத்து விநாடி. உள்ளே போகப் பிடித்தது நாற்பது நிமிடம்.

இதைவிட வேடிக்கை இன்னொன்று இருக்கிறது. ஒரு மாதம் பேட்டரி செத்துக் கிடந்த பிறகு ஒரு நூலகத்தில் முயன்றேன், அங்கே லாகின் பக்கமே திறக்கவில்லை. காரணம் கடிகாரம். பேட்டரி முழுதும் இறங்கியதில் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது, அந்தத் தேதிக்கு எந்தத் தளத்தின் சான்றிதழும் செல்லாது. தேதி தானாகச் சரியாக நெட் வேண்டும், நெட்டுக்கு லாகின் வேண்டும், லாகினுக்குத் தேதி வேண்டும். தேதியைக் கையால் மாற்றினேன், உடனே திறந்தது.

சில்லறைக் குறைகளும் உண்டு. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்குகள் பட்டியலிலேயே வராது. புத்தகத்துக்கு வேகம் முக்கியமில்லை, ஆனால் கூட்டமான இடத்தில் 2.4இல் நெரிசல் அதிகம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சேர்த்துக் கேட்கும் கல்வி நிறுவன நெட்வொர்க்குகளுக்கு, எட்யூரோம் மாதிரி, பயனர் பெயர் போடும் கட்டமே இதில் கிடையாது. ஒரு தடவை இணைந்த, பாஸ்வேர்ட் இல்லாத நெட்வொர்க்கின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு அதே பெயரில் எவன் வைஃபை போட்டாலும் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது, அதனால் கிளம்பும் முன் ‘மறந்துவிடு’ என்பதைத் தட்டிவிட்டுத்தான் எழுகிறேன்.

நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். இதன் மேக் முகவரி, அதாவது வைஃபையில் இந்தக் கருவியை அடையாளம் காட்டும் எண், மாறுவதில்லை, அமைப்புகளில் எழுதியே இருக்கிறது. ஒரு விடுதியில் ரிசப்ஷனில் அந்த முகவரியைக் காட்டினேன், அவர்களே தங்கள் பக்கத்தில் சேர்த்துவிட்டார்கள், லாகின் பக்கமே இல்லாமல் வேலை முடிந்தது. எல்லா இடத்திலும் செய்து தரமாட்டார்கள், கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

இப்போது நான் செய்வது என்னவென்றால், போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அதில் இணைத்துவிடுகிறேன். சில ஆண்ட்ராய்டு போன்கள் தாங்கள் லாகின் செய்த வைஃபையையே ஹாட்ஸ்பாட்டாகப் பகிரும், ஐபோன் மொபைல் டேட்டாவை மட்டும்தான் பகிரும். ஒரு புத்தகம் சில எம்பிதான், டேட்டா போனாலும் பரவாயில்லை.

படிக்கும் கருவியாக ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், பொது வைஃபைக்கு ஒன்றரை, அந்த அரையும் மேக் முகவரிக்காக. நீங்கள் வாங்கப் போனால் கடையில் எழுத்துத் தெளிவை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், லாகின் கேட்கும் ஒரு வைஃபையில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.